பேயின் தலையில் பழி

பேய்க்கதை ஒன்றைப் பற்றிப் பகுத்தறிவு ஏட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பேய் இல்லை, இல்லாத ஒன்றைப் பற்றிய ஏடும் நமக்கு வேண்டியதில்லை என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. ஆனால், இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையான ஒரு நூலை 'மூடநம்பிக்கை' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டால், அதை விரும்பி வாங்கிய மக்கள் அதில் எதைக் கண்டார்கள், எதற்காக மயங்கினார்கள் என்பது நமக்குத் தெரியாமலேயே போய்விடும். எதிர்ப்பதற்கு முன் படிக்க வேண்டும்; படித்தபின் கண்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பகுத்தறிவாளனுக்கு அதுவே அழகு.

எனவே, படித்தோம். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு கிராஸ்வே பதிப்பகம் வெளியிட்ட 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' என்னும் கிறிஸ்தவத் திகில் நாவல் அது. 'இப்போதுள்ள இந்த இருள்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். விவிலியத்தில் பவுல் எபேசியருக்கு எழுதிய மடல், அதிகாரம் 6, வசனம் 12இல் வரும் தொடர் அது. மனிதரோடு அன்று, கண்ணுக்குத் தெரியாத தீய ஆற்றல்களோடுதான் நமக்குப் போர் என்பது அவ்வசனத்தின் கருத்து. அந்த ஒரு வசனத்தை எடுத்து, அதற்கு ஊரும் பேரும் உருவும் கொடுத்து, வாளும் சிறகும் பூட்டி, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரித்திருக்கிறார் பிராங்க் பெரட்டி.

ஆசிரியர் 1951ஆம் ஆண்டு கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வளர்ந்தவர். போதகரின் மகன், தந்தையின் சிறு திருச்சபையில் தாமும் பணி செய்தவர். பனிச்சறுக்குப் பலகை செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இந்த நாவலின் கைப்படியைப் பதிப்பகங்கள் பல திருப்பி அனுப்பின. அச்சேறிய பிறகும் முதலில் மெல்லத்தான் விற்றது. ஏமி கிராண்ட் என்னும் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பாடகி இதைப் பாராட்டிப் பேசியதும், படித்தவர் படிக்காதவரிடம் கொடுத்ததும் சேர்ந்து நாவலை நாடெங்கும் கொண்டு சென்றன. உழைத்து உண்டு, இரவில் எழுதி, ஏமாற்றம் பல கண்டு, வெற்றி பெற்றவர் பெரட்டி. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். நம் வாதம் அவர் உழைப்போடு அன்று; அவர் உழைத்துக் கட்டிய உலகத்தோடு.

கதை என்ன?

ஆஷ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே விட்மோர் கல்லூரி என்று ஒரு கல்லூரி. கோடைத் திருவிழா இரவு ஒன்றில் கதை தொடங்குகிறது. உள்ளூர்ச் செய்தியிதழில் பணிபுரியும் பெர்னிஸ் என்னும் பெண், விழாவைப் படமெடுக்கப் போன இடத்தில், யாரோ சிலரை அறியாமலேயே படம் பிடித்துவிடுகிறாள். உடனே பொய்க் குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்படுகிறாள். விடுதலையாகி வந்தால் படச்சுருள் பாழாகிக் கிடக்கிறது! அவளுடைய ஆசிரியர் மார்ஷல் ஹோகன், பெருநகர் இதழ்களில் பழகி வந்தவர், இதை விடுவதாக இல்லை. கேள்வி கேட்கிறார், பதிவேடுகளைப் புரட்டுகிறார், ஓடிப்போனவர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்கிறார். முன்பு அவ்விதழை நடத்தியவர் இழிவான பழி சுமத்தப்பட்டு ஊரைவிட்டே விரட்டப்பட்டவர் என்று தெரிகிறது. மெல்ல மெல்ல உண்மை தலைகாட்டுகிறது. பெரும் பணம் படைத்த காசெஃப் என்பவனின் கூட்டம், ஊரின் சொத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கி வருகிறது. கல்லூரியையே கைப்பற்றத் திட்டமிட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், அதே ஊரின் சிறிய திருச்சபையில் ஹாங்க் என்னும் இளம் போதகர். ஏழை, எளியவர், அவரை வெளியேற்ற அவர் சபைக்குள்ளேயே ஒரு கூட்டம். அதில் ஊரின் காவல்துறைத் தலைவரும் ஒருவர். இதழாசிரியரும் போதகரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே சூழ்ச்சியை இரண்டு முனைகளிலிருந்து எதிர்க்கிறார்கள். இருவர் மீதும் பொய்ப்பழி விழுகிறது. இருவரும் சிறையில் சந்திக்கிறார்கள். தாம் அறிந்ததை இவர் சொல்ல, தாம் அறிந்ததை அவர் சொல்ல, முழுச் சூழ்ச்சியும் அப்போதுதான் விளங்குகிறது.

இதுவரை சொன்னது மனிதர்களின் கதை. இதற்கு மேலே, கூரைகளிலும் மேகங்களிலும், இன்னொரு கதை நடக்கிறது. தால் என்பவன் தலைமையில் வானதூதர் படை. ராஃபார் என்பவன் தலைமையில் பேய்ப் படை. மனிதர்கள் பேசும்போது அவர்கள் தோள்களில் பேய்கள் குந்தியிருக்கின்றன, காதில் ஓதுகின்றன, நகங்களை மூளையில் பாய்ச்சுகின்றன. முடிவில் வாளொடு வாள் மோத, வானமே போர்க்களமாகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். கதையை நகர்த்தத் தெரிந்தவர் பெரட்டி. திருவிழா இரவில் தொடங்கிய வேகம் கடைசி வரை குறையவில்லை. இதழாசிரியரின் புலனாய்வுப் பகுதி உண்மையிலேயே விறுவிறுப்பானது. ஒரு சிற்றூரில் செல்வமும் காவல்துறையும் மதபீடமும் கைகோத்தால், நேர்மையான ஒருவனை எவ்வளவு எளிதாகக் கயவனாகக் காட்டிவிட முடியும் என்பதை அவர் நன்கு காட்டுகிறார். சிறைக்கூடத்துச் சந்திப்பு, கதைக்கலையை அறிந்தவர் அமைத்த காட்சி. இவற்றைப் படித்தபோது நாமும் பக்கங்களை விரைந்து புரட்டினோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்படியானால் குறை எங்கே?

முதற்குறை கதைக்கலை பற்றியது. திகில் நாவலுக்கு உயிர் ஐயம். 'என்ன ஆகுமோ?' என்ற அச்சம் படிப்பவனுக்கு இருக்க வேண்டும். ஆனால், எல்லாம் வல்ல கடவுள் ஒரு பக்கம் நிற்கும்போது ஐயம் எங்கிருந்து வரும்? இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆசிரியர் ஓர் ஏற்பாடு செய்கிறார். வானதூதரின் வலிமை, மக்கள் செய்யும் செபத்தின் அளவைப் பொறுத்ததாம்! செபம் மிகுந்தால் வாள் ஒளிர்கிறது. செபம் குறைந்தால் தோள் தளர்கிறது. ஆகவே தேவர்படைத் தலைவன், போதுமான பேர் முழந்தாளிடும் வரை மறைந்து மறைந்து காத்திருக்கிறான். ஊரில் கொடுமை நடக்கிறது, பெண்ணொருத்தி சிறையிலடைக்கப்படுகிறாள், மாண்டவர் மாள்கிறார், வானத்துப் படையோ எண்ணிக்கை சேரட்டும் என்று பார்த்திருக்கிறது.

நாம் கேட்கிறோம்: துன்பப்படுகிறவனுக்கு உதவ, ஆள்கணக்கு எதற்கு? ஆற்றில் ஒரு பிள்ளை விழுந்தால், 'இன்னும் பத்துப் பேர் வந்து கெஞ்சட்டும்' என்று கரையில் நிற்பவனை நாம் என்னவென்று அழைப்போம்? கதையின் விறுவிறுப்பைக் காக்க ஆசிரியர் தம் கடவுளின் அருளையே குறைத்துவிட்டார். இதை நாம் சொல்வதைவிட, இறைநம்பிக்கையுள்ள அன்பர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் குறை இதனினும் பெரிது. இந்நாவலின் பேய்கள் பலவற்றுக்குப் பெயர்களே குற்றங்களாக இருக்கின்றன. ஏய்ப்பு என்று ஒரு பேய், காமம் என்று ஒரு பேய், மெத்தனம் என்று ஒரு பேய். ஒருவன் பொய் சொன்னால், பொய்ப்பேய் சொல்லிக் கொடுத்தது. ஒருவன் சோர்ந்தால், சோர்வுப்பேய் தோளில் ஏறியது. காசெஃப் ஊரைச் சுருட்டினால், அவனுக்குள் ஒரு பெரும்பேய் குடியிருக்கிறது. எனில், மனிதன் செய்த குற்றம் எது? நிலத்தை விழுங்கியவன் யார்? பொய்வழக்குப் போட்ட அதிகாரி யார்? காசுக்கு மனச்சான்றை விற்றவன் யார்? எல்லாப் பழியும் பேயின் தலையில் ஏற, மனிதன் கழுவிய கையோடு நிற்கிறான்!

பேயைப் பாத்திரமாக்கிக் கிறிஸ்தவர் வேறொருவர் எழுதிய நூலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சி. எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' என்னும் நூலில், மூத்த பேய் ஒன்று இளைய பேய்க்கு மடல்கள் எழுதுகிறது. அங்கே பேய் வாளேந்தி வருவதில்லை. மனிதன் தன்னைத் தானே எப்படி ஏமாற்றிக்கொள்கிறான், சிறு தன்னலத்தை எப்படி அறமென்று பூசிக்கொள்கிறான் என்பதையே அந்த மடல்கள் பேசுகின்றன. படிப்பவன், 'அட, இது என் கதையல்லவா?' என்று தன்னைப் பார்த்துக்கொள்கிறான். லூயிஸின் நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர் பேய் ஒரு கண்ணாடி என்பதை ஒப்புகிறோம். பெரட்டியின் பேய் கண்ணாடியன்று, திரை. அதன் பின்னே மனிதன் மறைந்துகொள்கிறான்.

மூன்றாவதாக, இந்நாவலில் பேயின் தோழர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தோம். உளவியல் கற்பிக்கும் பெண் பேராசிரியர் லாங்ஸ்ட்ராட். 'எல்லோரையும் அணைத்துச் செல்வோம்' என்று பேசும் பெரிய திருச்சபையின் போதகர். தியானம் பயில்பவர். கீழைநாட்டுத் தத்துவம் பேசுபவர். பேயின் பிடியில் முதலில் சிக்குவது கல்லூரிக்குப் போன இளம்பெண். படிப்பு, ஆராய்ச்சி, பரந்த நோக்கு என்று எதைத் தொட்டாலும் அதன் அடியில் ஒரு பேய்! காசுக்காரன் கல்லூரியைக் கைப்பற்றுகிறான் என்பது கவலைதரும் செய்தி. ஆனால் நாவலின் அச்சம் காசைப் பற்றியதாக மட்டும் இல்லை; கல்லூரியைப் பற்றியதாகவும் இருக்கிறது.

இங்கே நம் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தியானத்தையும் மாய மந்திரத்தையும் இந்நாவல் சாடுவதைக் கண்டு, 'நன்றாகச் சொன்னார்' என்று கைதட்டத் தோன்றலாம். தட்டாதீர்கள். மந்திரம் பொய் என்று அவர் சொல்லவில்லை. மந்திரம் மெய், ஆனால் அது பேயின் வேலை என்கிறார். குருமார் ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. குருமாருக்கு வரும் காட்சி உண்மை, காட்டுவது பிசாசு என்கிறார். ஒருவனுக்குத் தெய்வம், மற்றொருவனுக்குப் பேய். பெயர்தான் மாறியதே ஒழிய இருட்டு மாறவில்லை. பகைவனை அசுரன் என்று எழுதிவிட்டால் அவன் பக்கத்து நியாயத்தை எவரும் கேட்கமாட்டார் என்னும் உத்தி நமக்குப் புதியதன்று. புராணம் படித்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். அந்த உத்தி ஆங்கிலத்தில் வந்தாலும் அடையாளம் தெரியாமலா போகும்?

'போகட்டும், கதைதானே! கற்பனைக்கு இவ்வளவு கணக்குப் பார்ப்பதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேய் வரும் கதையெல்லாம் தீது என்பது நம் கொள்கையன்று. படிப்பவன் புத்தகத்தை மூடியதும் பேயும் மூடப்பட்டுவிட்டால் யாருக்கும் கேடில்லை. இந்நாவலோ, மூடிய பிறகும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. நம் ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே என்று நம்பச் சொல்கிறது. 1980களின் இறுதியிலும் 1990களிலும் அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் 'ஆவிக்குரிய போர்' என்னும் பேச்சு பரவியதில் இந்நாவலுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கதை கையேடாகும்போது, கணக்குப் பார்ப்பது நம் கடமையாகிறது.

அந்தக் கணக்கை அமெரிக்க மண்ணிலேயே பார்ப்போம்.

1692ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸில் உள்ள சேலம். சிறுமியர் சிலர் துடித்து விழுந்தார்கள். 'இன்னாருடைய ஆவியுருவம் வந்து கிள்ளுகிறது, கழுத்தை நெரிக்கிறது' என்றார்கள். அந்த உருவம் வேறெவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆயினும், அதைச் சான்று என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 'ஆவிச்சான்று' என்று அதற்குப் பெயர். குற்றம் சாட்டப்பட்டவள் அந்நேரம் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் தப்ப முடியாது. வந்தது அவள் உடலன்றே, உருவமல்லவா! பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர்; முதியவர் ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார்; சிறையிலேயே மாண்டவரும் உண்டு. கடைசியில் அதை நிறுத்தியது எது? பேய்கள் தோற்றதாலன்று, ஆவிச்சான்று செல்லாது என்ற அறிவு வந்ததால் நின்றது. இன்கிரீஸ் மாதர் என்னும் போதகரே அதற்கு எதிராக எழுதினார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697இல் ஆலயத்தில் மக்கள் முன் எழுந்து நின்று, தம் பழியை ஒப்புக்கொண்ட மடல் படிக்கப்படுவதைக் கேட்டார். ஆர்தர் மில்லர் 1953இல் 'தி குரூசிபிள்' நாடகத்தை எழுதியது இந்தச் சேலத்தைக் கொண்டுதான்.

இப்போது மீண்டும் நாவலைத் திறந்து பாருங்கள். ஆஷ்டனில் யார் நல்லவர், யார் தீயவர் என்பதை நமக்கு எப்படிக் காட்டுகிறார் ஆசிரியர்? செயலை வைத்தா? ஓரளவே. பெரும்பாலும் தோளில் குந்தியிருக்கும் உருவத்தை வைத்து! சேலத்துச் சிறுமியருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கண்ணை, ஒவ்வொரு வாசகனுக்கும் கடன் கொடுக்கிறார். நாவலுக்குள் அந்தக் கண் பொய்க்காது. ஆசிரியர் வைத்த பேய் அங்கே இருக்கத்தான் செய்யும். நாவலுக்கு வெளியே அந்தக் கண்ணோடு ஒருவன் தன் பக்கத்து வீட்டைப் பார்த்தால்?

பார்த்தார்கள். கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரின் மழலையர் பள்ளி ஒன்றின் மீது 1983இல் ஒரு புகார் எழுந்தது. அது வளர்ந்து, சாத்தான் வழிபாடு, நிலத்தடிச் சுரங்கம், பறக்கும் சூனியக்காரி என்றெல்லாம் கிளைவிட்டது. 1984இல் ஏழுபேர் மீது வழக்கு. 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மீதுகூடக் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. தீர்ப்பில்லாமலேயே ஒருவர் ஐந்தாண்டுகள் சிறையில் கிடந்தார். செலவு ஒன்றரைக் கோடி டாலர் என்பர். அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத்துறையைச் சேர்ந்த கென்னத் லானிங் இத்தகைய குற்றச்சாட்டுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1992இல் அறிக்கை வெளியிட்டார். நாடெங்கும் சாத்தான் கூட்டங்கள் அமைப்பாகத் திரண்டு கொலைகள் புரிகின்றன என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

இந்தத் தீயை மூட்டியது பெரட்டியின் நாவல் என்று நாம் சொல்லவில்லை. 1983இல் எழுந்த புகாருக்கு 1986இல் வந்த நூல் எப்படிக் காரணமாகும்? ஆனால், இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை. குழந்தைகளுக்குக் கொடுமை நடப்பதே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. நடக்கிறது, பெரும்பாலும் அந்தக் குழந்தை அறிந்த மனிதராலேயே நடக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: சாத்தானைத் தேடிக்கொண்டு சுரங்கம் தோண்டுகிற வேளையில், குற்றமற்றவன் சிறைபுகுகிறான், குற்றவாளி வீட்டிலேயே தப்பிவிடுகிறான்.

இதில் வருந்தத்தக்கது எது தெரியுமா? பொய்ப்பழியின் கொடுமையை இந்நாவலைப்போல் உணர்ந்து எழுதிய திகில் நாவல்கள் குறைவு. பெர்னிஸ் மீது பொய்ப்பழி. பழைய இதழாசிரியர் மீது பொய்ப்பழி. போதகர் மீது பொய்ப்பழி. 1989இல் வந்த 'பியர்சிங் தி டார்க்னஸ்' என்னும் அடுத்த நாவலிலும், கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் மீது குழந்தைக் கொடுமைப் பழி. பழிசுமத்தப்பட்டவன் வலியை அறிந்த ஆசிரியர், பழி பிறக்கும் இடத்தை மட்டும் அறியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைச் சான்றாக ஏற்கும் மனத்தில்தான் அது பிறக்கிறது. அந்த மனத்தையே அவர் நாவல் வளர்க்கிறது.

ஹோகனின் முடிவும் அப்படித்தான். பதிவேடு புரட்டி, ஆளைக் கேட்டு, முடிச்சை முடிச்சாக அவிழ்த்தவர் அவர். அறிவால் அவர் கண்ட உண்மை இல்லையென்றால் கதையே இல்லை. ஆனால் சிறையில் அவர் நம்பிக்கைக்கு மாறியதும், வெற்றிமாலை வாளேந்திய வானதூதர்க்குப் போகிறது. உழைத்தவன் ஒருவன், கூலி வாங்குகிறவன் இன்னொருவன்!

பெரட்டியின் பிற்காலத்து ஏடு ஒன்றைச் சொல்லி முடிப்போம். பிறந்த சில நாட்களிலேயே கழுத்தில் கட்டி வந்து, அறுவை பல கண்டு, நாக்கும் முகமும் பாதிக்கப்பட்டு வளர்ந்தவர் அவர். பள்ளியில் பிற பிள்ளைகளின் ஏளனத்தையும் அடியையும் நாள்தோறும் தாங்கியவர். அதை 2000ஆம் ஆண்டு 'தி வூண்டட் ஸ்பிரிட்' என்னும் தன்வரலாற்று நூலில் எழுதினார். வலியவன் எளியவனை நசுக்குவதைப் பெரியவர்கள் விளையாட்டென்று விடக்கூடாது; ஆசிரியரும் பெற்றோரும் தலையிட வேண்டும்; நசுக்கியவன் தன் தவற்றை உணர வேண்டும் என்று அந்நூலில் வேண்டுகிறார். அவர் நம்பிக்கை அங்கும் இருக்கிறது. ஆயினும், அடித்த கைக்கு உரியவன் மனிதன். தடுக்க வேண்டிய கைக்கு உரியவனும் மனிதன் என்று அங்கே தெளிவாகத் தெரிகிறது. அவ்வளவு துன்பம் பட்டும் தெளிவு குன்றாத அந்தச் சிறுவனின் குரல், ஆயிரம் பேய்களின் கூச்சலைவிட நம் நெஞ்சைத் தொட்டது.

ஆகவே, தோழர்களே, 'இப்போதுள்ள இந்த இருள்' கிடைத்தால் படியுங்கள். விறுவிறுப்பை மறுக்க வேண்டாம். படிக்கும்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பேய் வரும் இடமெல்லாம் அதை அடித்துவிட்டு, அங்கே நிற்கும் மனிதனின் பெயரை எழுதுங்கள். நிலம் வாங்கியவன் பெயர், வழக்குப் போட்டவன் பெயர், வாய்மூடியிருந்தவன் பெயர். அப்போது ஆஷ்டன் நம் கண்ணுக்குத் தெரியும் ஊராகிவிடும். அங்கே ஓர் இதழாசிரியர் பாதியில் விட்டுப்போன பதிவேடு திறந்தபடி கிடக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டியவர்கள் நாம்.